ஆட்சேபணைக்குரியவர்கள்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் 26ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரித்தால் அதை அரசிதழிலும் நாளேடுகளிலும் அறிவிக்க வேண்டும். வரைவை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். ஆட்சேபணையோ ஆலோசனையோ இருந்தால் எந்த நபரும் எழுத்து மூலம் தரலாம். அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். 'எந்த நபரும்' என்றுதான் சொல்கிறது சட்டம். சாதி கேட்கவில்லை, பட்டா கேட்கவில்லை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதே சொல் வருவாய்த்துறைக் காகிதங்களில் இன்னொரு இடத்தில் வருகிறது. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, ஏரி உள்வாய், சாலையோரம் இவற்றுக்கெல்லாம் அங்கே 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு' என்று பெயர். அந்த மண்ணில் மூன்று தலைமுறை பிறந்து செத்திருந்தாலும் பட்டா கிடையாது. ஆக நகரத் திட்டத்தின் முன்னால் இரண்டு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். ஆட்சேபணை தெரிவிக்கிறவர்கள் ஒரு வகை. ஆட்சேபணைக்குரியவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்குப் பொதுமக்கள் என்று பேர். இரண்டாம் வகைக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பேர். 'புறம்போக்கு' என்பது நம் ஊரில் வசைச்சொல்லாக ஆனது எப்படி என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் அகராதியைப் புரட்ட வேண்டாம், கூவம் கரைக்குப் போனால் போதும்.

'மக்கள் பங்கேற்பு' என்ற பேச்சு இப்போது எல்லா மேடையிலும் கேட்கிறது. நகரத்தைத் திட்டமிடுவதில் குடிமக்கள் பங்கேற்க வேண்டும், ஓட்டுப் போடுவதோடு கடமை முடிந்துவிடாது என்கிறார்கள். மறுப்பதற்கில்லை. எனக்கிருக்கும் கேள்வி அதற்கு முந்தியது. பங்கேற்கும் அந்தக் குடிமகன் யார்? அவனைக் குடிமகன் என்று யார் தீர்மானித்தார்கள்? திட்டம் போடுவதற்கு முன்பே அது தீர்மானமாகிவிடுகிறது. வரைபடத்தில் யாருடைய வீடு வீடாகவும் யாருடைய வீடு வெறும் பச்சை வண்ணமாகவும் தீட்டப்படுகிறதோ, அந்த இடத்திலேயே முடிந்துபோகிறது.

நான் பாங்க்கில் கிளார்க். கவிதை எழுதுவது சம்பளம் இல்லாத வேலை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த நகரத்தில் யார் எங்கிருந்து எங்கே தூக்கி எறியப்படுகிறார்கள் என்பது பத்திரிகைக்கு முன்னால் தெரிந்துவிடும். முகவரி மாற்றப் படிவத்தோடு வரிசையில் வந்து நிற்பார்கள். பழைய முகவரி: ஏதோ ஒரு நகர், கூவம் கரை, சென்னை. புதிய முகவரி: பிளாக் நம்பர், கதவு நம்பர், பெரும்பாக்கம். ஒரே வாரத்தில் ஒரே தெருக்காரர்கள் ஐம்பது பேர் வந்த நாட்கள் உண்டு. ஒரு அம்மா, வீட்டு வேலை செய்கிறவர், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் சார், இத்த மாத்திக் குட்த்தா இங்க ஓட்டுப் பேரும் போய்டுமா?" போகும் என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். "அப்ப இருக்கட்டும் சார், அப்பால வரேன்" என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நகரத் திட்டத்துக்கும் பிரதிநிதித்துவ ஜனநாயகத்துக்கும் என்ன உறவு என்று எந்தப் பேராசிரியரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அந்த அம்மாவின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவோம்.

தீவுத்திடலுக்குப் பக்கத்தில் கூவம் கரையில் ஒரு குடியிருப்பு இருந்தது. சத்தியவாணிமுத்து நகர். 1967-இல் அண்ணா அமைச்சரவையில் இருந்த தலித் பெண். தாழ்த்தப்பட்டோருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சொல்லி 1974-இல் கட்சியை விட்டு வெளியேறித் தனிக் கழகம் கண்டவர். 1979-இல் மத்திய அமைச்சரானவர். நம் சனங்கள் அந்தப் பெயரைத் தங்கள் குடிசைகளுக்கு வைத்துக்கொண்டார்கள். நமக்கும் பிரதிநிதி உண்டு என்று சொல்கிற பெயர் அது. 2019 டிசம்பரில் அந்த நகரை இடிக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நேரம். பிள்ளைகளின் பாடப்புத்தகம் ஒரு பக்கம், லாரியில் ஏற்றிய பாத்திரம் பண்டம் ஒரு பக்கம். பெரும்பாலோரைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அண்ணன் தம்பி, வேலை கொடுத்த வீடு, கடன் கொடுத்த மளிகைக்கடை, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி எல்லாம் இங்கே. அவர்கள் மட்டும் அங்கே.

அப்போது சென்னை மாநகராட்சியில் கவுன்சிலர் யார்? யாருமே இல்லை. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளும் அதிகாரிகள் ஆட்சி. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் பெருமளவில் அப்புறப்படுத்தல் நடந்தது பெரும்பாலும் இந்த ஐந்தரை ஆண்டுகளில்தான். ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரத்தை விட்டு வெளியேற்றியபோது, ஓடிப்போய் நிற்க வார்டு ஆபீசில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. இது தற்செயல் என்று நம்பச் சொல்கிறவர்கள் நம்பட்டும். இதற்கு முன்பும் நடந்திருக்கிறது: 1973-இல் கலைக்கப்பட்ட மன்றத்துக்கு 1996-இல்தான் தேர்தல் வந்தது. இருபத்து மூன்று வருஷம். 1975-இல் உருவான முதல் முழுமைத் திட்டம் தன் காலத்தின் பெரும்பகுதியை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாத நகரத்தின் மேல்தான் நடத்தியது.

சரி, போன இடத்தில் என்ன? பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குவீடுகள் திட்டமிட்டுக் கட்டப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் அருகே. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இன்னொரு வெள்ளக்காட்டில் கொண்டுபோய் விட்ட கதை தனி. நான் சொல்ல வருவது வேறு. நம் சனங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தபோது பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. அது ஒரு கிராம ஊராட்சி. 2000-இல் கண்ணகி நகர் தொடங்கியபோதும் இதே கதைதான். ஒக்கியம் துரைப்பாக்கம் அன்றைக்கு ஊராட்சி, 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. மாநகரத்தின் நடுவில், கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் ஓட்டுரிமையோடு இருந்தவனைத் தூக்கி ஒரு கிராமத்தின் ஓட்டர் ஆக்கிவிட்டார்கள். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தத்தில் இருந்தவனை ராத்திரியோடு ராத்திரியாக 73ஆவது திருத்தத்துக்கு மாற்றல் செய்துவிட்டார்கள்.

அண்ணல் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிச் சொன்னதை நம் இயக்கத்தில் தெரியாதவர் இல்லை. கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதனைக் கொண்டதற்காக அவர் மகிழ்ந்தார். அந்தக் கிராமத்தை விட்டுத்தான் நம் தாத்தன்மார் ரயிலேறி இங்கே வந்தார்கள். மூட்டை தூக்கினார்கள், ரிக்ஷா இழுத்தார்கள், சாக்கடைக்குள் இறங்கினார்கள். மேஸ்திரி பேர் கேட்டான், சாதி கேட்கவில்லை என்று பெருமூச்சு விட்டார்கள். (கேட்கத்தான் செய்தான், கொஞ்சம் மெதுவாகக் கேட்டான்.) அவர்கள் பேரனை முழுமைத் திட்டம் மறுபடியும் ஊராட்சிக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே பழைய ஊர்க்காரர்களுக்கு இவர்கள் 'போர்டு வீட்டுக்காரங்க'. வேலைக்குப் போனால் முகவரியைக் கேட்டதும் முகம் மாறுகிறது. ஊரும் சேரியும் எங்கேயும் போய்விடவில்லை. அடுக்குமாடியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு தோழர் என்னை மடக்கினார். அம்பேத்கரே தனிக் குடியிருப்பு கேட்டாரே, 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதிய 1947-இல் அட்டவணைச் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று வைத்தாரே, பெரும்பாக்கம் அதுதானே என்றார். நல்ல கேள்வி. அண்ணல் கேட்டது நிலத்தோடு கூடிய குடியிருப்பு. ஆதிக்கச் சாதியின் வயலில் கூலிக்கு நிற்க வேண்டாத விடுதலை. அரசியல் சட்டத்தின் காப்பில் ஒரு ஆணையம், அரசின் செலவு. போகிறவன் தன் விருப்பத்தில் போவது. இங்கே நிலம் வாரியத்துடையது, வேலை விட்டுவந்த நகரத்தில், விருப்பம் யாரும் கேட்காதது. தனித்து வாழும் அதிகாரம் ஒன்று, தள்ளிவைக்கப்படும் கதி இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் சேரியைக் கட்டியவனும் தனிக் குடியிருப்புத்தான் கொடுத்தேன் என்பான்.

தள்ளிவைக்கும் ஆசைக்கு இந்த நகரத்தில் வயது அதிகம். 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. அப்போதே, ஆதிதிராவிடர்களை நகரத்தை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று பெரிய மனிதர்கள் மத்தியிலிருந்து குரல் கிளம்பியது. எம்.சி.ராஜா அதற்கு எதிராக நின்றார். அதே 1920-களில் மாம்பலத்து நெட்டேரியின் பக்கத்தில் தியாகராய நகரை உருவாக்கும் வேலை நடந்தது. ஏரி நிலத்தில் தெரு போட்டார்கள், மனை போட்டார்கள், பூங்கா வைத்தார்கள். ஏரியில் வீடு கட்டியவர்களை நூறு வருஷமாக யாரும் ஆக்கிரமிப்பாளர் என்றதில்லை. அதற்குப் பேர் நகர விரிவாக்கம்.

நீர்நிலை என்று ரொம்பக் கவலைப்படுகிறார்களே, கேட்போம். விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டு அதன் மேல் ஓடுகிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயிலேயே இறங்கி நிற்கின்றன. நுங்கம்பாக்கம் ஏரியைத் தூர்த்த இடத்தில்தான் வள்ளுவர் கோட்டம். பெருங்குடிக் குப்பைமேடு சதுப்புநிலத்தில் கிடக்கிறது. அதெல்லாம் வளர்ச்சி. ஆற்றோரம் கிடந்த எட்டுக்குப் பத்து குடிசைதான் ஆற்றை மறித்ததாம்.

விதிமீறலிலும் இரண்டு சாதி உண்டு. மாடி மேல் மாடி எழுப்பிய வணிக வளாகங்களுக்காக 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். கட்டணம் கட்டினால் மீறல் மன்னிக்கப்படும். கெடு முடிய முடிய நீட்டினார்கள். உயர்நீதிமன்றம் 2006-இல் அந்த நீட்டிப்புகளைத் தடுத்தது. இடிக்க வேண்டிய நிலை வந்ததும் 2007-இல் அவசரச் சட்டம் வந்து கட்டடங்களைக் காப்பாற்றியது. பிறகு 113-சி. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகளும் போட்டார்கள். 'வரன்முறை' எவ்வளவு அழகான தமிழ்ச்சொல் பாருங்கள்! பாங்க்கில் பெரிய கடன்காரருக்கு 'ஒரு முறைத் தீர்வு' என்று அறை உள்ளே காப்பி கொடுத்துப் பேசுவார்கள்; ஐயாயிரம் நகைக்கடன்காரியின் கம்மல் ஏலத்துக்குப் போகும். தினமும் பார்க்கிற எனக்கு 113-ஏ புரிவதற்கு வக்கீல் தேவைப்படவில்லை. சட்டம் ஒன்றுதான். மீறிய கட்டடத்துக்கு வரன்முறை, மீறிய குடிசைக்கு ஜேசிபி.

அங்கீகாரம் என்ற ஒன்று நமக்கும் சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. 1971-இன் குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்தால் அங்கே இருப்பவர்களுக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. 1971-இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் இன்னும் 17. பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நகரத்தில் குடிசையே முளைக்கவில்லையா? முளைத்தது, எண்ணப்படவில்லை. எண்ணாதவனிடம் எப்படிக் கருத்துக் கேட்பது? வாரியத்தின் பெயரை 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். 'குடிசை' என்ற சொல் பலகையிலிருந்து போனது.

இனிப் பிரதிநிதித்துவம். நமக்கு மேயர் கிடைக்காமல் இல்லை. 1937-இல் ஜெ.சிவசண்முகம் பிள்ளை. 1945-இல் என்.சிவராஜ். 2022-இல் ஆர்.பிரியா, அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். ரிப்பன் மாளிகை வாசலில் அன்றைக்கு நம் பெண்கள் அழுததை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மேயரின் மேசையில் நகரத்தின் வரைபடம் இல்லை. 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பன்னிரண்டாவது அட்டவணையில் முதல் இனமே நகரத் திட்டமிடல். பத்தாவது இனம் குடிசைப் பகுதி மேம்பாடு. மாநகரத் திட்டக் குழு அமைக்க வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். நடைமுறையில் பேனா யார் கையில்? சி.எம்.டி.ஏ கையில். அதன் தலைவர் மாநில அமைச்சர். கவுன்சிலருக்குத் தெருவிளக்கும் கால்வாய் அடைப்பும். தெரு இருக்கப்போகிறதா என்பதை முடிவு செய்வது வேறு கட்டடம்.

அப்படியானால் பிரதிநிதியை நம்பாதே, நேரடிப் பங்கேற்புக்கு வா என்று ஒரு கூட்டம் அழைக்கிறது. இங்கேதான் தோழர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன். 'குடிமக்கள் மன்றம்', 'குடியிருப்போர் நலச்சங்கம்' இவை யாருடையவை? 2008-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டம் நூற்றுக்கணக்கான பக்கம். அதைப் படிக்க இங்கிலீஷ் வேண்டும், பகலில் ஓய்வு வேண்டும், வரைபடத்தில் சர்வே எண்ணைத் தேடக் கண் பழகியிருக்க வேண்டும். இதெல்லாம் உள்ளவன் மனு எழுதுகிறான். மனு தோற்றால் பொதுநல வழக்குப் போடுகிறான். கால்வாய்க் கரையைச் சுத்தப்படுத்து என்கிற வழக்கின் கடைசிப் பக்கத்தில் நம் வீடு இருக்கிறது. தேர்தலில் நம் எண்ணிக்கைக்கு முன்னால் அவன் சிறுபான்மை. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவனே பொதுமக்கள். ஓட்டு நம்மிடம் இருக்கும்வரை அதைத் தாழ்வாகப் பேசுகிற எந்தப் பங்கேற்பையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒரு ஆள் ஒரு ஓட்டு என்ற கணக்கை விட்டு, ஒரு ஆள் ஒரு மைக் என்ற கணக்குக்குப் போனால் மைக் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாதா?

அதற்காகப் பங்கேற்பே வேண்டாம் என்று விலகிவிடலாமா? கூடாது. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே என்ற நகரத்தில் 1989 முதல் தொழிலாளர் கட்சி ஆட்சியில் நகர வரவு செலவை மக்கள் கூடி முடிவு செய்தார்கள். அங்கே கவனிக்க வேண்டியது கூட்டம் கூடியதை அல்ல. எந்தப் பகுதியில் வசதி குறைவோ அந்தப் பகுதிக்குக் கணக்கில் கூடுதல் எடை போட்டார்கள். குறைவாகப் பெற்றவனின் கை கனமாக எண்ணப்பட்டது. அந்தக் கட்சி 2004-இல் நகராட்சியை இழந்த பிறகு அது தேய்ந்துபோனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆட்சி மாறினால் காணாமல் போகிற சலுகையாக அல்ல, சட்டமாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று சபைகள் கூடின. வருஷத்துக்கு நான்கு நாட்கள்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. நம் அண்ணலின் பிறந்தநாளும் அதில் ஒன்று. பகுதியின் வாக்காளர் அனைவருக்கும் வர உரிமை உண்டு. ஆனால் குழுவின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். ஒரு சபைக்கு நான் போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் முதல் மூன்று வரிசை அபார்ட்மெண்ட்காரர்கள். நம் ஆட்கள் பின்னால் நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தும் நின்றார்கள். நாய்த்தொல்லை, குப்பை வண்டி, பார்க்கிங் என்று ஒரு மணி நேரம். கால்வாய்க்கரை வீடுகளைக் கணக்கெடுத்தார்களே, எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். அது இந்தச் சபையின் வரம்பில் வராது என்று பதில். பிறகு எதன் வரம்பில் வரும் என்றான். நேரமாகிவிட்டது என்று தீர்மானப் புத்தகத்தை மூடினார்கள்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது ஒரு மனிதர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் சட்டமன்றத்தில் அரசு பேசியது. மறுகுடியமர்வுக்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கப்படும் என்றது. அவர் கொடுத்த ஆட்சேபணை எந்தப் பிரிவின் கீழ் வரும்?

இப்போது எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், இரண்டாம் முழுமைத் திட்டத்தின் எல்லை ஆண்டு 2026. அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாவது திட்டத்தின் வேலை 2022-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் பெருநகரப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆகவும் விரித்தார்கள். அரக்கோணம் வரை போகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே வருகின்றன. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு சேரி உண்டு. பல கிராமங்களில் பஞ்சமி நிலம் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால் 1892-இல் பிறந்த நிலம் அது. அதை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். புதிய நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் பஞ்சமி நிலத்துக்கு என்ன வண்ணம்? குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா என்று தீட்டிவிட்டால் நூற்று முப்பது வருஷத்து உரிமை ஒரே தூரிகையில் அழியும். அழித்தது தெரியவும் தெரியாது. அரசிதழில் வந்துவிட்டதே, இரண்டு மாதம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று நம்மையே கேட்பார்கள்.

ஆகவே நாம் போகத்தான் வேண்டும். வரைவு தமிழில் வர வேண்டும், சி.எம்.டி.ஏ மாடியில் இல்லாமல் சேரிக்குள் ஒட்டப்பட வேண்டும். பஞ்சமி நிலம் வரைபடத்தில் அதே பெயரோடு குறிக்கப்பட வேண்டும். 1985-க்குப் பிறகு எண்ணாமல் விட்ட குடியிருப்புகளை எண்ணி அறிவிக்காமல் எந்தத் திட்டமும் கூடாது. ஒரு பகுதியை அகற்றும் பேச்சு வந்தால் அந்தப் பகுதியின் சபை கூடி, அங்கே வாழ்கிறவர்கள் மட்டும் ஓட்டுப்போட்டு, சம்மதம் சொன்ன பிறகே அடுத்த காகிதம் நகர வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் ஒரு குடிசையையும் தொடக்கூடாது. மாற்று வீடு அதே வார்டில் வேண்டும். அதற்காக, 2021-இல் புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் தொட்டால் உதிர்ந்ததே சுவர், அப்படி ஒன்றைக் கட்டிக்கொடுத்துவிட்டு இதோ பக்கத்திலேயே தந்தோம் என்று கணக்கு முடிக்கக்கூடாது.

இது சீர்திருத்தவாதம், மனு அரசியல் என்று சில தோழர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். மகாடில் குளத்துத் தண்ணீரைக் குடித்தது நகராட்சி 1924-இல் போட்ட ஒரு தீர்மானத்தின் மேல் ஏறி நின்றுதான். நகராட்சி தீர்மானம் போட்டது, ஊர் தடுத்தது, 1927-இல் அண்ணல் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய்க் குடித்தார். காகிதமும் கால்களும் சேர்ந்துதான் அங்கே வேலை செய்தன.

இந்த இதழோடு ஒரு தாள் இணைத்திருக்கிறோம். உங்கள் தெருவின் பெயர், எத்தனை வீடு, எந்த வருஷத்திலிருந்து, மின் இணைப்பு எண், வாக்காளர் பட்டியலின் பாகம் எண், பக்கத்தில் பஞ்சமி நிலம் இருந்தால் சர்வே எண், இப்போது அது யார் கையில் என்ற விவரங்களை எழுதுங்கள். தாளின் பின்பக்கம் காலியாக விட்டிருக்கிறோம். அங்கே உங்கள் தெருவை நீங்களே வரையுங்கள், அடிபம்பு, கோயில், சாவடி, மாதாகோயில், டீக்கடை எல்லாம் போட்டு. ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட்ட கையோடு அந்தந்தப் பகுதி சபையில் அதைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புகை இல்லாமல் காகிதத்தைக் கையை விட்டு விடாதீர்கள். கவுன்ட்டர்க்காரன் சொல்கிறேன். எழுதத் தெரியாத தெருவாக இருந்தால் ஒரு தபால் அட்டை போடுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை எனக்கு பாங்க் லீவு. வந்து எழுதித் தருகிறேன்.